கன்ட்ரோலர்ல லெஃப்ட் ட்ரிகர் பிடி விட்டுடுது, சரி பண்ண முடியுமா?

ஹியூமன் ஃபால் ஃப்ளாட் ஆடுறவங்க கொஞ்சம் உதவுங்க. அந்த 2016 கேம்ல எலும்பே இல்லாத மாதிரி தொளதொளன்னு நடக்கற பொம்மைக்கு லெஃப்ட் ட்ரிகர் அழுத்தினா இடது கை, ரைட் ட்ரிகர்னா வலது கை, விட்டா பிடியும் போச்சு, அந்தக் கூத்துக்காகத்தான் ஆடுறதே. இப்ப சுவத்துல தொங்கும்போது லெஃப்ட் ட்ரிகர அழுத்திட்டே இருந்தாலும் இடது கை தானா விட்டுடுது, ஆள் நேரா கீழ, அப்புறம் வானத்துல இருந்து பொத்துன்னு திரும்ப வந்து விழறான். மொதல்ல தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா, இப்ப அவளே "போண்ணா, வேற எதாவது ஆடலாம்"ங்கறா.

விண்டோஸ் 11 லேப்டாப், ஆன்லைன்ல வாங்கின 1200 ரூபா வயர்டு கன்ட்ரோலர், வாரன்ட்டி முடிஞ்சுடுச்சு. பொங்கல் லீவுல இருந்து இப்படி. யூஎஸ்பி போர்ட் மாத்தியாச்சு, ஸ்டீம்ல டெட் ஸோன் (லேசா அழுத்தினா கணக்குல எடுக்காத அளவு) குறைச்சாச்சு, கேம அழிச்சு திரும்ப இன்ஸ்டாலும் பண்ணியாச்சு. விண்டோஸ்ல கன்ட்ரோலர் டெஸ்ட் போட்டு பாத்தா ரைட் முழுசா போய் நிக்குது, லெஃப்ட் பாதியிலயே நடுங்குது, ஸோ கேம் மேல தப்பில்ல. கார் கேம்ல இது தெரியவே இல்ல, ஆக்சிலரேட்டர் ரைட்லதான. மவுஸ்ல ரெண்டு கையும் ஒழுங்கா பிடிக்குது, ஆனா ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்ல ரெண்டு பேர் ஆட கன்ட்ரோலர் வேணுமே. தாம்பரத்துல ஒரு கடையில காட்டினேன், திறந்துகூட பாக்காம புதுசு வாங்கிக்கங்கன்னுட்டாங்க.

ட்ரிகருக்கு உள்ள இருக்கற சென்சார மட்டும் க்ளீன் பண்ணவோ மாத்தவோ முடியுமா, யாராவது பண்ணிருக்கீங்களா?