ஹெக்டேருக்கு 4 டன்னாம்!

தோட்டத்துப் பேரன்: நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார், "பாமாயில் ஆய்வெல்லாம் மலேசியாக்காரனே எழுதிக்கிறது, நம்பாதீங்க"ன்னு. பாமாயில் தர்ற செம்பனை மரம் விளையிற ஊர்லதான்யா ஆராய்ச்சி நடக்கும். பின்லாந்துலயா நடக்கும்? ஹெக்டேருக்கு 4 டன் எண்ணெய். சோயா அரை டன் தேறுறதே பெருசு.

ஈப்போ கணக்கன்: 4 எங்கேர்ந்து வந்துச்சு? மலேசியா நாட்டுச் சராசரி ஹெக்டேருக்குப் பழக்குலை 16 டன் வாக்குல. ஆலையில நூத்துக்கு 20 எண்ணெய். பெருக்கிப் பாருங்க, 3.2.

தோட்டத்துப் பேரன்: நல்ல தோட்டத்துல 4 வரும். கொரோனா நேரத்துல வெளிநாட்டு ஆள் வராம குலை மரத்துலயே அழுகுச்சு, கிழட்டு மரத்த மாத்தி நடல. அதெல்லாம் சேத்துக் கூட்டினா குறையத்தான் செய்யும்.

ஈப்போ கணக்கன்: சராசரின்னா எல்லாத்தையும் சேத்துக் கூட்டுறதுதான், அண்ணே. 3.2.

மலர்விழி: டன்னை விடுங்க. கோ, வில்கோவ்னு ரெண்டு ஆய்வாளருங்க 2008லயே எழுதிட்டாங்க: 1990க்கும் 2005க்கும் நடுவுல மலேசியாவுல செம்பனை பரவினதுல பாதிக்கு மேல காட்டை அழிச்ச இடம்.

தோட்டத்துப் பேரன்: மிச்சப் பாதி? எங்க தாத்தா பால் வெட்டின ரப்பர் காட்டுலதான் எங்கப்பா குலை வெட்டினாரு. அங்க ஒராங்ஊத்தானா குடியிருந்துச்சு? இதே எண்ணெயை சோயாவுல எடுக்க எத்தனை மடங்கு நிலம் வேணும், அதைச் சொல்லுங்க. 4 டன்!

மலர்விழி: தாத்தா பெருமை இருக்கட்டும். களைக்கொல்லி அடிச்ச பாட்டிங்க கதை? பாராகுவாட்ங்கிற அந்தக் களைக்கொல்லியை மலேசியாவுல தடை பண்ண 2020 ஆச்சு. ஆய்வுக் கட்டுரைங்களைப் புரட்டினா ஆலைக் கழிவுநீர், வெறுங்குலைச் சக்கை, பயோடீசல். தோட்டத்துல வேலை செய்யிற ஆளுங்களைப் பத்தி எத்தனை?

யாழ் குமார்: எங்கட இலங்கையில 2021லேயே புதுசா செம்பனை நடக்கூடாதெண்டு தடை போட்டவை.

தோட்டத்துப் பேரன்: அதே வருசம் ரசாயன உரத்தையும் தடை பண்ணினாங்களே, அந்த மூளைதானே?

யாழ் குமார்: நீர் எங்கட அரசியலுக்குள்ள வராதேயும்.

தோட்டத்துப் பேரன்: நீங்கதானே இழுத்துட்டு வந்தீங்க! தேங்காய் எண்ணெய் சண்டையில என்னை பிளாக் பண்ணின ஆளுதானே நீங்க?

மலர்விழி: ஆளுங்களைப் பத்திக் கேட்டேன், பதிலே காணோம்.

தோட்டத்துப் பேரன்: குலை வெட்டுற கம்பை ஒரு நாளாவது தூக்கியிருக்கியா தங்கச்சி? ஐரோப்பாக்காரன் 2023ல காடழிப்புத் தடுப்புச் சட்டம் போட்டான், உடனே இங்க எல்லாரும் விஞ்ஞானி ஆயிட்டாங்க.

ஈப்போ கணக்கன்: நீங்க தூக்கியிருக்கீங்களா? கோலாலம்பூர்ல ஏசி ரூம்ல உக்காந்துட்டு... 3.2.

தோட்டத்துப் பேரன்: எந்த வருசத்து 3.2? அதைப் போடு முதல்ல.