புதுப்பிப்பு: கரம் காய்கள் மோதும் கணக்கு

கல்லடியில் நாங்கள் விளையாடும் கரம் போர்டைக் கணினிக்குள் கொண்டுவரும்போது, ஒட்டிக் கிடக்கும் இரண்டு காய்களை மூன்றாவது அதே நேர்கோட்டில் வந்து அடித்தால் வேகம் எப்படிப் பிரியும் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்தது, அதுவும் இரண்டு!

இரு தொடுகைகளையும், அதாவது காய்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களை, ஒரே நேரத்தில் கணக்கிட்டுத் தீர்த்தால், அடித்த காய் மூன்றிலொரு பங்கு வேகத்தில் பின்வாங்கும். மற்ற இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஒட்டியபடியே போகும். ஒவ்வொன்றாகத் தீர்த்தால் கடைசிக் காய் முழு வேகத்தோடு பறக்கும், மற்றவை நின்றுவிடும். சம திணிவு, சக்தி இழப்பு இல்லை என்று வைத்தால் உந்தமும் சக்தியும் இரண்டிலும் காக்கப்படுகின்றன. தெரியாக் கணியம் மூன்று (மூன்று காய்களின் வேகங்கள்), சமன்பாடு இரண்டுதானே, அதனால்தான் ஒரே விடை வருவதில்லை.

போர்டில் நடப்பது இரண்டாவதற்குக் கிட்ட. ஆனால் முதல் அடியில், சிவப்பைச் சுற்றி ஆறு காயும் நெருங்கித் தொடும்போது, எந்தத் தொடுகையை முதலில் எடுக்கிறோம் என்பதே விடையை மாற்றுகிறது. அதற்கு ஒவ்வொரு தொடுகையையும் விறைப்பான விற்சுருளாக வைத்து, நேரத்தை மிகச் சிறிய படிகளாகப் பிரித்துக் கணக்கை ஓட்டுகிறேன். மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் காய்கள் சிதறும் விதம் அழகு.