மைக்ரோபிளாஸ்டிக்குக்குச் சட்டம் வேண்டும் என்று யாரிடம் கேட்பது? (கடலூர் – புதுச்சேரி)

கேள்வி – பெண்ணைக்கரை
வணக்கம். எங்கள் கடற்கரை ஊராட்சியின் அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் தயாராகிறது: "மைக்ரோபிளாஸ்டிக்கைத் தடை செய்ய அரசு சட்டம் இயற்ற வேண்டும்." இதை அனுப்ப வேண்டியது கலெக்டருக்கா, சென்னைக்கா, டெல்லிக்கா? பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாகூர், அங்கே வேறு அரசு. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – உப்பனாறு
இந்த வாசகத்தோடு எங்கே அனுப்பினாலும் "உரிய நடவடிக்கைக்கு" என்று மேலே கீழே சுற்றிவிட்டு ஃபைலில் தூங்கும். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பிரித்து எழுதுங்கள்.

இருப்பது: 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள். 2024 மார்ச் திருத்தத்தில் மைக்ரோபிளாஸ்டிக்குக்கு வரையறை வந்தது: நீரில் கரையாத, 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள திடத் துகள். அந்தச் சொல்லுக்கு விதிகளில் இருக்கும் வேலை, மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பது மைக்ரோபிளாஸ்டிக்கை மிச்சம் வைக்கக் கூடாது என்பது. ஆற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்போ, யார் அளக்க வேண்டும் என்ற கடமையோ அதில் இல்லை.

இன்னொரு ஓட்டை. 1,000 மைக்ரான் என்றால் 1 மி.மீ. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கி, கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணை (பிளாஸ்டிக் பொருள் செய்யும் மூலப்பொருள் மணிகள்) பெரும்பாலும் 2 முதல் 5 மி.மீ. நம் வரையறைப்படி அது மைக்ரோபிளாஸ்டிக்கே இல்லை! ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 விதியில் எல்லை 5 மி.மீ. வரையறையை 5 மி.மீ. ஆக்கச் சொல்லும் கோரிக்கை டெல்லிக்கு, சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போக வேண்டியது.

பதில் – வடிகால்
எல்லாவற்றுக்கும் டெல்லியைப் பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 பொருட்களுக்கு வந்த தடை, மத்தியச் சுற்றுச்சூழல் சட்டம் 5-ஆம் பிரிவில் மாநில அரசு போட்ட ஆணைதான். சட்டமன்றம் புதுச் சட்டம் போடவில்லை.

அதேபோல, 1974 நீர்ச் சட்டம் 17(1)(ஜி) பிரிவு, கழிவுநீர் வெளியேற்றத் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே தந்திருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 2017 அறிவிக்கையில் பி.ஹெச். (அமில-கார அளவு), பி.ஓ.டி. (கழிவு சிதைய நீரில் செலவாகும் ஆக்ஸிஜன்), நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள், மலக் கோலிஃபார்ம் கிருமி என நான்கே அளவுகோல்; துகள் எண்ணிக்கை இல்லை. துகளில் பெரும்பகுதி சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றில்தான் தங்கும், சேறு வயலுக்குப் போகும். எனவே சேற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

குருணை வைத்து வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையிலேயே நிபந்தனை போடலாம். குருணை சிந்துவது பெரும்பாலும் மூட்டையைக் கொக்கியால் இழுக்கும்போதும் ஹாப்பரில் (இயந்திரத்தின் புனல் வாயில்) கொட்டும்போதும். பிறகு தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். மழைநீர் வடிகால் வழியே நேரே ஆறு. கேட்க வேண்டிய நிபந்தனை: இறக்குமிடத்தில் சிந்தியதைப் பிடிக்கத் தட்டு, கழுவாமல் வாக்குவம், வடிகாலில் 1 மி.மீ. வலை. வலை மட்டும் வைத்தால் முதல் மழையில் இலைதழை அடைத்துத் தண்ணீர் பின்னால் தேங்கும், ஆட்கள் வலையைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். முன்னால் 10 மி.மீ. கம்பித் தடுப்பு கட்டாயம். ஐப்பசி மழைக்கு முன் இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும்.

பெண்ணைக்கரை
நன்றி. எங்கள் கடற்கரை மணலை உப்புத் தண்ணீரில் கலக்கி மிதந்ததை எடுத்து வைத்திருக்கிறோம். தீர்மானத்தோடு இணைக்கலாமா?

பதில் – உப்பனாறு
இணைக்கலாம், ஆனால் அது விளக்கம், சாட்சியம் அல்ல. லிட்டருக்கு சுமார் 360 கிராம் உப்பு கரைத்தால் அடர்த்தி 1.2. அதில் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், வலை நைலான் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38, அடியில் போய்விடும். பாலியஸ்டர் துணி நாரும் அதே பெட்தான். ஆக உங்கள் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், எவர்சில்வர் போதும். மணல் போடாத வெறும் உப்புத் தண்ணீரையும் ஒரு முறை வடிகட்டிப் பாருங்கள்; அதிலேயே நார் வந்தால் அது உங்கள் சட்டை.

ஒரு ஆலையின் கழிவுநீர் பற்றி வழக்குக்கு நிற்க வேண்டுமென்றால் நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். தீர்மானத்தில் கேட்க வேண்டியது அந்த மாதிரி எடுப்பைத்தான்.

பதில் – சுண்ணாம்பாறு
புதுச்சேரிப் பக்கம்: யூனியன் பிரதேசத்துக்குத் தனி வாரியம் கிடையாது. நீர்ச் சட்டம் 4(4)-இன்படி அந்த அதிகாரம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, அது ஒப்படைத்ததால் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் செயல்படுகிறது. ஆகவே தீர்மான நகலைக் குழுமத்துக்கும் மத்திய வாரியத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் கிராம சபையோடு சேர்ந்து தீர்மானம் போட இந்தப் பக்கம் ஒரு ஊராட்சியைத் தேடாதீர்கள். 2006-க்குப் பிறகு இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் ஓடிய வருடங்கள் எத்தனை!

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி மன்றம்) வழக்குப் போடலாம் என்று யாராவது கிளம்பினால்: அதன் சென்னை அமர்வு சட்டம் எழுதித் தராது, இருக்கும் கடமையைச் செய்யச் சொல்லும். தீர்ப்பாயச் சட்டம் 14-ஆம் பிரிவில் வழக்குப் போட ஆறு மாதக் கெடு, அதனால் வாரியத்துக்கு எழுதிய கடிதத்தின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பதில் – வடிகால்
ஒன்று விட்டுப்போச்சு. 2016 விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றும் ஜூன் 30-க்குள் பிளாஸ்டிக் கழிவு ஆண்டறிக்கை தர வேண்டும், ஊராட்சியும்தான். தீர்மானம் போடுவதற்கு முன்னால் உங்கள் செயலரிடம் இந்த வருட அறிக்கை போனதா என்று கேட்டுவிடுங்கள். உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.