மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் அரசுப் பள்ளி வகுப்பறையும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒரு மாணவியின் அம்மா

என் மகளுக்குக் குறைபார்வை. அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததுமே முதல் பருவப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. இவளுக்கான பெரிய எழுத்துப் புத்தகம் பருவத் தேர்வு நெருங்கும்போதுதான் வந்தது. அதுவரை பக்கத்தில் உட்காரும் தோழி வாசித்துக் காட்டினால் உண்டு.

வட்டார வள மையத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பற்றி எனக்குச் சொன்னார். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருட்கள், உதவிக் கருவிகள் எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்கு மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். "பார்க்கலாம்மா" என்று தட்டிக்கழிப்பது அதோடு நின்றது. இரண்டாம் பருவப் புத்தகத்துக்குப் பள்ளியிலிருந்து முன்கூட்டியே எழுதி அனுப்பினார்கள்.

வகுப்பு ஆசிரியை செய்ததையும் சொல்ல வேண்டும். கரும்பலகையில் எழுதும்போதே சத்தமாக வாசித்துக்கொண்டு எழுதுகிறார். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. என் மகள் இப்போது கணக்குப் பாடத்தில் கை தூக்குகிறாள்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்

அம்மா, மனுவின் நகலை வைத்துக்கொண்டது மிக நல்ல காரியம். நான் பேச விரும்புவது கண்ணுக்குத் தெரியாத குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றி. மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் அது 21 ஆனது. வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் தடுமாற வைக்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் அதில் சேர்ந்தது. அதைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன். அறிவியலில் எதைக் கேட்டாலும் வாயால் சொல்லிவிடுவான். எழுதச் சொன்னால் நான்கு வரிகூட வராது. சோம்பேறி என்று பெயர் வாங்கியே எட்டு வகுப்பு தாண்டி வந்திருந்தான். வகுப்புத் தேர்வில் கேள்வியை நான் வாசித்து, அவனைப் பதில் சொல்லவைத்தேன். அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று முதன்முறையாக அவனுடைய அப்பாவுக்குப் புரிந்தது. அந்த மனிதர் கண்கலங்கிப் போனார்.

பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அலைவதற்கே மாதங்கள் போய்விடும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

இன்னொன்று. சிறப்புப் பயிற்றுநர் எங்கள் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். அவர்மேல் குறையில்லை, பல பள்ளிகளை அவர் ஒருவரே பார்க்கிறார். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அது நடைமுறைக்கு வந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பிப்பார்கள்!

பார்வையற்ற கல்லூரி மாணவர்

நானும் அரசுப் பள்ளியில் படித்தவன்தான். பிரெயில் புத்தகம் கிடைத்தது, ஆனால் அதில் வரைபடங்கள் இல்லை. புவியியல் பாடத்தில் "இதை நீ விட்டுவிடலாம்" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் காவிரி எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. ஓர் ஆசிரியை அட்டையில் நூலை ஒட்டி ஆறாகவும், மணலைத் தூவி மலையாகவும் செய்து கொடுத்தார். அதை விரலால் தடவிப் படித்தது எதுவும் இன்றுவரை மறக்கவில்லை.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நீங்கள் தயாரிக்கும் வினா வங்கி, குறிப்புகள் எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ மாதிரியான மென்பொருள் (திரைவாசிப்பான்) அதைத் தமிழாக வாசிக்காது, ஏதோ உளறும். தாளை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் அது எங்களுக்கு வெறும் படம். பார்வையுள்ள நண்பர் ஒருவர் முழுதும் திருப்பித் தட்டச்சு செய்து தந்த பிறகே நான் படித்த பாடங்கள் நிறைய. அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும்.

ஒரு அப்பா

என் பையனுக்குக் காது கேட்பதில் குறைபாடு, சான்றிதழில் 30 சதவீதம். "நாற்பது இல்லையே, ஒன்றும் செய்ய முடியாது" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்

இல்லை ஐயா. இலவசப் புத்தகம், கருவிகளுக்குத்தான் அந்த 40. பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்வது குறைபாடுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதில் சதவீதக் கணக்கு இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். முன் வரிசையில் இடம், ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பேசுவது, வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுப்பது, இந்த மூன்றையும் மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடும்போது அது உதவும். மனு எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.