பெங்களூர் அபார்ட்மென்ட்டிலிருந்து டிஎக்ஸ் (தூர நாட்டுத் தொடர்பு): லீனியர் வாங்கலாமா?

மாரத்தஹள்ளி_மாடி:
எல்லோருக்கும் வணக்கம். மாரத்தஹள்ளியில் அபார்ட்மென்ட், ஒன்பதாவது மாடி. ஹாம் ரேடியோ ஜெனரல் கிரேட் உரிமம் வந்ததும் 100 வாட் எச்எஃப் (சிற்றலை) ரிக், அதாவது அனுப்பவும் கேட்கவும் ஆன ரேடியோ, வாங்கினேன். ஆன்டெனா ஒரு முனையில் ஊட்டும் எண்ட்-ஃபெட்: 49:1 டிரான்ஸ்ஃபார்மரைப் பால்கனிக் கம்பியில் கட்டி, அங்கிருந்து 20 மீட்டர் ஒயரை மொட்டை மாடிக்கு ஏற்றித் தண்ணீர்த் தொட்டி வரை இழுத்திருக்கிறேன். 40, 20, 15 மீட்டர் மூன்று பேண்டிலும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரிக்குக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) நன்றாகவே இருக்கிறது, கணினி வழி டிஜிட்டல் முறையான எஃப்டி8-இல் இந்தோனேசியா, ரஷ்யா, இத்தாலி என்று ஓடுகிறது. ஆனால் எனக்குக் குரலில் பேசத்தான் ஆசை, அங்கேதான் ஒன்றும் நகரமாட்டேன் என்கிறது. 20 மீட்டரை எந்த நேரம் போட்டாலும் எஸ் மீட்டர் (சிக்னல் வலிமை காட்டி) வெறும் இரைச்சலிலேயே 8-இல் நிற்கிறது. ஏதாவது தீவுக்குப் பயணம் போய் அங்கிருந்து யாராவது பேசினால் (டிஎக்ஸ்பெடிஷன்) அவரைக் கூப்பிடுகிற கூட்டம் கேட்கிறது, அவர் குரல் இரைச்சலுக்குள் பாதிதான் தெரிகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் லீனியரை (சக்தி கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) கொடுக்கத் தயார். நம் கிரேடுக்கு 400 வாட் வரை போகலாம் என்பதால் வாங்கிவிடலாமா என்று யோசனை. பீம் (ஒரு திசையை நோக்கும் பெரிய ஆன்டெனா) வைக்க அசோசியேஷன் விடாது, கேட்டுப் பார்த்தாச்சு.

பழைய_மோர்ஸ்:
தம்பி, லீனியரை இப்போதைக்கு வாங்காதீர்கள். 100 வாட்டை 400 ஆக்கினால் 6 டெசிபல், அதாவது எதிர்முனையில் இருப்பவரின் மீட்டரில் ஒரே ஒரு எஸ் யூனிட் கூடும். அவ்வளவுதான். உங்களிடம் உள்ள குறை அவருக்குக் கேட்கவில்லை என்பதைவிட உங்களுக்குக் கேட்கவில்லை என்பது. எஸ்8 இரைச்சலை எஸ்4-க்கு இறக்கினால் 24 டெசிபல் கிடைக்கும், அதை எந்த லீனியரும் உங்கள் காதுக்குத் தராது. எஃப்டி8 ஓடுகிறதே என்று அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் அதை உருவாக்கியதே இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சிக்னலைத் தோண்டி எடுக்கத்தான், மனிதக் காதால் அது முடியாது.

முதலில் ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டு மெயினை அணையுங்கள், யுபிஎஸ்ஸையும் சேர்த்து. பலரும் யுபிஎஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். 14.200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காலியான இடத்தில் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்: மலிவான எல்இடி டிரைவர், ரவுட்டர் அடாப்டர், தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டியின் பவர் சப்ளை, யுபிஎஸ் சார்ஜர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். இறங்கவே இல்லையென்றால் கட்டடம். லிஃப்ட் டிரைவ் இரைச்சல் லிஃப்ட் ஓடும்போது மட்டும் வரும், சோலார் இன்வெர்ட்டர் பகலில் மட்டும் வரும், இதை வைத்தே பாதியைப் பிரித்துவிடலாம்.

அப்புறம் 14.100-இல் பீக்கன் (தானாகவே அழைப்புக் குறி அனுப்பும் சோதனை நிலையம்) கேளுங்கள். உலகம் முழுக்க 18 நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. நமக்குப் பக்கத்தில் கொழும்பின் 4எஸ்7பி இருக்கிறது. அழைப்புக் குறியும் முதல் கோடும் (நீண்ட மோர்ஸ் ஒலி) 100 வாட்டில் வரும், அடுத்த கோடுகள் 10, 1, 0.1 வாட்டில். எத்தனை கோடு கேட்கிறது என்று எண்ணினால் அன்றைய பாதையும் உங்கள் காதும் எப்படி என்று தெரியும். எல்லா பீக்கனும் எல்லா நாளும் ஓடாது, ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

ஜெயநகர்_அலை:
மோர்ஸ் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த ஆன்டெனாவில் எனக்கு உறுத்துவது டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடம். எண்ட்-ஃபெட்டுக்குத் தனியாக கவுண்டர்பாய்ஸ் (மின்னோட்டம் திரும்ப ஒரு எதிர் ஒயர்) கொடுக்கவில்லையென்றால் ரிக்குக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலே அந்த வேலையைச் செய்யும். அது உங்கள் அறைக்குள் வந்து ரிக்கில் முடிகிறது, அதாவது வீட்டில் உள்ள அத்தனை அடாப்டர் இரைச்சலுக்கும் பக்கத்திலேயே ஆன்டெனாவின் ஒரு பாகம் படுத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அந்தப் பின்னலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்க ஒரு சோக், ரிக் பக்கம் இன்னொன்று போடுங்கள். 31 மிக்ஸ் என்ற ஃபெரைட் கலவையில் செய்த 2.4 அங்குல டோராய்டில் (வளையத்தில்) மெல்லிய கோஆக்ஸ் 10 முதல் 12 சுற்று. நம் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதி எஸ்பி ரோட்டில் கனெக்டர், ஒயர், கோஆக்ஸ் எல்லாம் கிடைக்கும், ஆனால் ஃபெரைட் கோரை மட்டும் மிக்ஸ் என்னவென்று தெரியாமல் வாங்காதீர்கள், பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு வளையம்தான்.

முடிந்தால் டிரான்ஸ்ஃபார்மரையே மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். கோஆக்ஸ் நீளும், 30 மீட்டர் ஆர்ஜி-58 என்றால் 14 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபலுக்குக் கொஞ்சம் மேல் போகும், ஆர்ஜி-213 போட்டால் அதில் பாதிதான். இரைச்சலில் அதைவிடப் பல மடங்கு மிச்சமாகும்.

லீனியர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. 49:1-இன் ஒயர் பக்கம் ஏறத்தாழ 2450 ஓம். 100 வாட்டிலேயே அங்கே 500 வோல்ட்டை ஒட்டி இருக்கும், 400 வாட்டில் ஆயிரத்தை நெருங்கும். அது பால்கனியில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஒயரின் மறுமுனையும் அப்படித்தான். தொட்டிப் பக்கம் துணி காயப்போட வருகிறவர்கள் இருப்பார்கள், தலைக்கு மேல் நன்றாகத் தூக்கிக் கட்டுங்கள்.

மாரத்தஹள்ளி_மாடி:
அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. மெயினை அணைத்ததும் எஸ்8-லிருந்து 7-க்குத்தான் வந்தது, யுபிஎஸ் ஒயரையும் பிடுங்கியதும் நேராக 5-க்கு விழுந்தது. சார்ஜ் ஆகும்போது 20 மீட்டர் முழுக்க உறுமுகிறது. லிஃப்ட் ஓடினால் மட்டும் இன்னும் சரசரவென்று ஒரு சத்தம் வருகிறது, அதற்கு சோக் போட்டுப் பார்க்கிறேன். முன்பு கொழும்பு பீக்கனில் முதல் கோடு மட்டும்தான் தேறும், நேற்று மூன்றாவது கோடும் கேட்டது. லீனியர் யோசனையை விட்டாச்சு. இப்போது கேள்வி பைல்-அப், அதாவது ஒருவரைப் பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் கூட்டம், பற்றி. டிஎக்ஸ்பெடிஷன்காரர் ‘அப்’ என்கிறார், ஆனால் எங்கே கூப்பிட வேண்டும் என்று பிடிபடவில்லை.

ஸ்பிளிட்_5:
பைல்-அப்பில் பாதி வேலை கூப்பிடாமல் இருப்பதுதான். அவர் 14.195-இல் பேசுகிறார், ‘5 டு 10 அப்’ என்கிறார், அதாவது 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கிறார் என்று வையுங்கள். கேட்கும் அலைவரிசையான விஎஃப்ஓ ஏ-யை அவர் மேலேயே வைத்து, அனுப்பும் பி-யை 14.200-இலிருந்து 14.205-க்குள் உருட்டுங்கள். அவர் ஒருவருக்கு ‘59’ என்று சிக்னல் அறிக்கை கொடுத்தவுடன், அந்த ஆள் எங்கிருந்து பதில் சொல்கிறார் என்று தேடுங்கள். அடுத்த ஆள் அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அவர் மேல்நோக்கி நகர்கிறார், கீழே இருந்தால் கீழ்நோக்கி. சிலர் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேரை எடுத்துவிட்டுத் தள்ளிப் போவார்கள். அந்த நடை தெரிந்த பிறகு அவர் அடுத்து வரப்போகும் இடத்தில் போய் நில்லுங்கள். கோயில் வரிசையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து நிற்பது போலத்தான்.

கூப்பிடும்போது முழு அழைப்புக் குறியை ஒரே தடவை, தெளிவான எழுத்துச் சொற்களில் (ஆல்ஃபா, பிராவோ போல). கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்லும் பழக்கம் வேண்டாம், அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும், எல்லோருக்கும் நேரம் போகும். சொல்லி முடித்ததும் கேளுங்கள். அவர் பாதிக் குறி சொல்லிக் கேட்கிறார், அது உங்களுடையது போல் இல்லையென்றால் வாயைத் திறக்கவே கூடாது. ‘ஐரோப்பா மட்டும்’ என்றாலும் அப்படியே. அவர் பேசும் அலைவரிசையில் ஒருபோதும் அனுப்பாதீர்கள், கூப்பிடுவதற்கு முன் ஸ்பிளிட் பொத்தான் எரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பரில் அந்தமானுக்கு டிஎக்ஸ்பெடிஷன் போயிருந்த பாரதி பிரசாத் சுனாமி வந்ததும் ஹாம் ரேடியோவில் செய்திகளைக் கடத்தினார். அப்படி ஒரு நேரத்தில் அலைவரிசையை ஒதுக்கிக் கொடுக்கத் தெரிந்த கூட்டம் பைல்-அப்பில் பழகித்தான் உருவாகிறது.

பழைய_மோர்ஸ்:
மூன்றாவது கோடு கேட்டது என்றால் 1 வாட் கேட்கிறீர்கள், நல்ல முன்னேற்றம். அடுத்து நேரத்தைக் கவனியுங்கள். நம் ஊரிலிருந்து மாலையில் 20 மீட்டரில் ஐரோப்பா நன்றாக வரும். அமெரிக்க மேற்குக் கரைக்குப் பாதை வட துருவப் பகுதி வழியாகப் போகிறது, அதனால் கே இண்டெக்ஸ் (பூமியின் காந்தப்புலக் கலக்கத்தின் அளவு) ஏறிய நாளில் அந்தப் பக்கம் செத்துக் கிடக்கும், ரிக்கைச் சந்தேகப்படாதீர்கள். 40 மீட்டரை சூரிய உதயத்துக்குச் சற்று முன்னும் அஸ்தமனம் ஆனதும் போட்டுப் பாருங்கள், அந்த அரை மணி நேரத்தில் தூரத்து ஸ்டேஷன்கள் திடீரென்று எழும்பும். லாக் (தொடர்புப் பதிவேடு) எல்லாம் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும், விடியற்காலை தொடர்புக்குத் தேதியும் ஒருநாள் பின்னால் போகும்.

இன்னொன்று, ஏப்ரல், மே மாதத்தில் மாலை இடி தொடங்கும் முன்பே கோஆக்ஸைக் கழற்றி பால்கனிக்கு வெளியே போட்டுவிடுங்கள். ரிக்கை அணைத்தால் மட்டும் போதாது.