மூச்சுக்குழாய்க் கட்டிக்கு உள்கதிர் சிகிச்சை: வீட்டில் கைக்குழந்தை இருக்கலாமா?

கேள்வி

என் தந்தைக்கு வயது 67. மூச்சுக்குழாயின் நடுப்பகுதியில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். சென்ற ஆண்டு வெளியிலிருந்து கதிர் கொடுத்து முடித்தார்கள். இப்போது அதே இடத்தில் கட்டி மீண்டும் வளர்ந்து, நான்கு படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு இரைக்கிறது. அறுவை சிகிச்சையை உடல் தாங்காது என்பதால், மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் பிராக்கிதெரபியை வாரம் ஒரு முறை வீதம் மூன்று முறை செய்யலாம் என்கிறார் மருத்துவர். வீட்டில் 8 மாதப் பேத்தி இருக்கிறாள். தாத்தாவின் மடியை விட்டு இறங்கவே மாட்டாள். சிகிச்சைக்குப் பின் அவர் உடலிலிருந்து கதிர் வெளிவருமா? ஏற்கெனவே கதிர் பட்ட இடத்தில் மறுபடியும் கொடுக்கலாமா?

பதில் 1 (கதிர்வீச்சுப் பிரிவில் பணியாற்றுபவர்)

பேத்தியைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளட்டும். இதில் வழக்கமாகப் பயன்படுவது இரிடியம் 192 என்னும் கதிர்வீசும் உலோகம். அரிசி மணியை விடச் சிறிய அந்த உலோகத் துண்டு, நீண்ட கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டு, இயந்திரத்தின் கவசப் பெட்டிக்குள் இருக்கும். ஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் கேமராக் குழாய்) உதவியுடன் சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள குழாயைக் கட்டியைத் தாண்டி வைத்து, படமெடுத்து இடத்தை உறுதிசெய்து, எல்லோரும் வெளியே வந்து கதவை அடைத்த பிறகே இயந்திரம் கம்பியை உள்ளே அனுப்பும். கட்டியின் நீளம் முழுவதும் சிறு சிறு இடைவெளிகளில் சில வினாடிகள் நின்று நின்று கதிர் கொடுத்துவிட்டு, சில நிமிடங்களில் கம்பி பெட்டிக்கே திரும்பிவிடும். உடலில் எதுவும் தங்குவதில்லை. புரோஸ்டேட்டில் நிரந்தரமாகப் பதிக்கும் கதிர் விதைகளுக்கான எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு, இதற்கும் அதுவே என்று பலர் அஞ்சுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கதிர்மூலத்தை விட்டு விலக விலகக் கதிரின் அளவு வேகமாகக் குறைவதால், நுரையீரலும் தண்டுவடமும் பெரும்பாலும் தப்பிவிடும். மீண்டும் கொடுக்க இடமளிப்பது இதுதான். மூச்சுக்குழாய்ச் சுவரைத் தாண்டி வெளியே பருத்த கட்டியை இம்முறை எட்டாததற்கும் இதுவே காரணம். ஆனால் உள்ளே செலுத்திய குழாயை ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாய்ச் சவ்வு மிக அதிகமான கதிரை வாங்கிக்கொள்ளும். ரத்தக்கசிவு, தழும்பு விழுந்து மூச்சுக்குழாய் சுருங்குதல், பின்னால் ஒட்டியுள்ள உணவுக்குழாயுடன் துளை விழுதல் ஆகிய ஆபத்துகளை, முன்பு கொடுத்த அளவையும் சேர்த்துக் கணக்கிட்டே மருத்துவர் முடிவெடுப்பார்.

பதில் 2 (நோயாளியின் மனைவி)

என் கணவருக்கு இதைச் செய்தார்கள். தொண்டையில் மரப்பு மருந்தைத் தெளித்ததும் இருமல் அடங்கியது. கதிர் கொடுக்கும்போது அறையில் அவர் மட்டுமே இருந்தார். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே ஒலிபெருக்கியில் பேசினார்கள். மரப்பு விலகும்வரை தண்ணீர்கூடத் தரவில்லை, புரையேறிவிடுமாம். ஒன்றை மட்டும் எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: பலன் உடனே தெரிவதில்லை, முதல் சில நாட்களில் வீக்கத்தால் மூச்சு இன்னும் சிரமப்படலாம். உங்கள் தந்தைக்கு மூச்சு விடும்போது சீழ்க்கை போல ஒலி கேட்டால், முதலில் லேசராலோ, ஸ்டென்ட் (வழியை விரித்துப் பிடிக்கும் சிறு குழாய்) வைத்தோ வழியைத் திறக்க வேண்டுமா என்று கேளுங்கள். சளியில் சிவப்புக் கோடு தெரிந்தாலும் அன்றே தெரிவியுங்கள்; வாய் நிறைய ரத்தம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. இன்று மருத்துவரிடம் கேட்டேன். நோயை முற்றிலும் போக்குவதல்ல, மூச்சை எளிதாக்குவதே நோக்கம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் 7 கிரே (கதிர் அளவின் அலகு), உள்ளே செலுத்தும் குழாயின் மையத்திலிருந்து 1 செ.மீ. தொலைவில் கணக்கிட்டது. அதற்கு முன் ஸ்கோப் வழியாகக் கட்டியின் ஒரு பகுதியை அகற்றப்போகிறார்கள். அப்பா இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவதை அப்போதுதான் நினைவுபடுத்தினேன். இதய மருத்துவரின் கருத்தைக் கேட்ட பிறகே நாள் குறிப்பார்களாம்.