புயலில் விழுந்த மரத்தில் கிண்ணம் கடைந்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:

மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டுவது என் தொழில். மரத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு கடையில் உட்காரும் ஸ்டூல்தான். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறியது. மறுநாள் எங்கள் பக்கம் காற்றும் மழையும். பொன்னை அருகே மாமனார் நிலத்து வரப்பில் நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. விறகுக்காரர் வந்து விலை பேசினார். மாமியாருக்கு முகமே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மரத்துப் புளிதான் அவர் குழம்புக்கு. "அடுப்புக்கா போவணும்? எதனா ஒரு சாமானா பண்ணி வைங்களேன் மாப்ள" என்றார். மாமியார் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

கடையில் கிடந்த ஒரு எச்பி மோட்டாரை எடுத்தேன். நிமிஷத்துக்கு 1440 சுற்று. ஸ்டெப் புல்லி (படிப்படியாக அளவு மாறும் பெல்ட் சக்கரம்) போட்டு 500-க்கு இறக்கினேன். கட்டையை மாட்டிச் சுழற்றும் சட்டம் வெல்டிங் பட்டறையில் அடித்தது. உளி மட்டும் நல்லதாகக் காசு கொடுத்து வாங்கினேன், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

முதல் கிண்ணம். உருண்டைக் கட்டையை அப்படியே மாட்டி, ஒரே மூச்சில் விரல் கனத்துக்குக் கடைந்து, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி டிவி பக்கத்தில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவுக்கு விரிசல். அடுத்த இரண்டுக்கும் அதே கதி.

அப்புறம்தான் வாலாஜா பக்கம் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை என்று கடைசல் வேலையிலேயே காலம் தள்ளியவர். விரிசலை அவர் பார்க்கவே இல்லை. அடிப்பக்கம் நடுவில் இருந்த புள்ளியை நகத்தால் தட்டினார். "நெஞ்ச உள்ளயே வெச்சிக்கினு கடைஞ்சா வெடிக்காம இன்னா பண்ணும்?"

நெஞ்சு என்று அவர் சொன்னது தண்டின் நட்டநடு. காயும்போது மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு வட்டத்துக்கு அப்படிச் சுருங்க இடமில்லை, பிளக்கத்தான் வேண்டும். கட்டையை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, நெஞ்சை ஒட்டி இரண்டு விரல் கழித்துவிட்டால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு கிண்ணம்.

இன்னொன்றும் சொன்னார். பச்சைக் கட்டையில் வேலையை முடிக்கக் கூடாது. பத்து அங்குலக் கிண்ணம் என்றால் ஓரம் ஒரு அங்குலக் கனத்தில் நிறுத்திவிட வேண்டும். மீதி காய்ந்த பிறகு. கிண்ணத்தைச் சுற்றிக் கை ஓட்டினால் இரண்டு இடத்தில் சொரசொரப்பு தட்டும், நார் வெட்டுப்பட்ட முனை அது. ஈரம் அங்கேதான் முதலில் ஓடும், அதனால் அங்கே மட்டும் மெழுகு பூசினேன். கடைந்த சீவலையே சாக்கில் போட்டு, அதற்குள் கிண்ணங்களைப் புதைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வேலூர் வெயிலில் துணி காய்கிற மாதிரி மரம் காயக் கூடாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் கிண்ணத்துக்குள்ளேயே பென்சிலால் எழுதுவேன். ஒன்று ஜனவரியில் 2100 கிராம். ஜூனில் 1380-க்கு வந்து, அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. வட்டமாகப் போனது ஒருபக்கம் பத்து, மறுபக்கம் ஒன்பதரை என்று முட்டையாக வெளியே வந்தது. திரும்ப மாட்டி வட்டமாக்கினேன். நான்கு வருஷம் ஆகப்போகிறது, சத்தமே இல்லை.

குடியாத்தம் கொல்லை:

எங்களுடையதும் புளிதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலுக்குக் கொல்லை ஓரத்தில் விழுந்தது. கடையும்போது வெளிர்மஞ்சள் கட்டையில் திடீரென்று பேனா மை கொட்டிய மாதிரி ஒரு நீலக்கறுப்புத் திட்டு. என்ன அழகு என்று உளியைக் கொடுத்தேன். தீப்பொறி பறந்து உளி முனை போச்சு. உள்ளே நாலு அங்குல ஆணி!

அம்மா பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். பேய் பிடித்தவர்களின் உச்சி முடியைச் சுற்றி அந்த மரத்தில் ஆணி அடிப்பது அந்தக் காலத்தில் நடந்ததாம். முடி எதுவும் மிஞ்சவில்லை, துருதான். கறுப்பு எப்படி வந்தது என்றால், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து வந்தது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டு மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. ஊர்ப்பக்கத்து மரம் என்றால் விளம்பரத் தகடு, கொடிக்கம்பி என்று எதையாவது விழுங்கியிருக்கும். திட்டு தெரிந்தால் மோட்டாரை நிறுத்துங்கள்.

ஆரணி அக்கா:

எங்கள் வீட்டில் தம்பி வேம்பில் கடைந்தான். தூள் தொண்டைக்குள் போய் அன்றைக்குச் சாப்பிட்ட சோறெல்லாம் கசப்பு. முகமூடி போடு என்று சொன்னால் கேட்டால்தானே. அந்தக் கிண்ணத்தில் குங்குமம் வைத்திருக்கிறோம், பலகாரம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. குடியாத்தம், அந்த ஆணியை என்ன செய்தீர்கள்?

ஒடுகத்தூர்:

ஒரு எச்சரிக்கை. சாலையோரம் விழுந்த மரம் கேட்பாரற்றுக் கிடப்பது போலத் தெரியும். அது அரசாங்கச் சொத்து, ஏலத்தில்தான் போகும். நான் இரண்டு கிளையை டாட்டா ஏஸில் ஏற்றி அரை நாள் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். பட்டா நிலத்து மரம் என்றாலும் விஏஓவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் சந்தன வாடை அடித்தால் கையைக் கட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

காட்பாடிக்காரன்:

சாய்ந்தே வளர்ந்த மரத்தையும் தவிர்த்துவிடுங்கள். மேல்பக்கக் கட்டை உளிக்குப் பஞ்சு மாதிரி பிசிறும், காயும்போது கோணிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயை நான் விட்டுவிட்டேன், அது காயாது, நாளானால் சிக்கு வாடை. இப்போது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும்தான். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளி எண்ணெய் வேண்டாம், சீக்கிரம் காய அதில் உலோக உப்பு கலப்பார்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துவிடுங்கள், சுருட்டினால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

குடியாத்தம் கொல்லை:

ஆரணி அக்கா, அந்த ஆணி இன்னும் பட்டறை ஜன்னல் திட்டில்தான் இருக்கிறது. வீட்டில் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன், ஆனால் அவர் வருகிற நேரம் பார்த்து எனக்கும் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.